வளைகாப்புக்கு வந்த சமையல்காரன்

நான் ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தேன். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். பஸ்ஸில் சிலர் எழுந்து இடம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதினேழு வருடமும் நான் அங்கே சமையல்காரனாக இருந்தேன் என்பதை மட்டும் சொல்வதில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, ஆறு வருடத்தை அப்படியே ஓட்டிவிட்டேன். போன வருடம் ஆனி மாதம், என் அக்கா மகளின் வளைகாப்பு வரும்வரை.

ஆள் எடுப்பு மைதானத்தில் முதலில் என்னைக் கழித்துத்தான் விட்டார்கள். உயரம் ஒரு விரல்கடை குறைவு. அப்போது எனக்கு இருபது வயது. வீட்டுக்குத் திரும்பிப் போக மனமில்லாமல் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஹவில்தார் வந்து, "சமைக்க வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். வந்ததெல்லாம் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். அதுவும் அக்கா சொல்லிக்கொடுத்தது. அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்விட்டதால், எட்டு வயது மூத்த அக்காதான் என்னை வளர்த்தாள். அவள் கல்யாணமாகிக் காட்டூருக்குப் போன பிறகு நானே பொங்கித் தின்ற நான்கு வருடம் எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது.

எல்லோருக்கும் கொடுக்கிற பயிற்சியை எனக்கும் கொடுத்தார்கள். துப்பாக்கியைப் பிரிக்கத் தெரியும், மாட்டத் தெரியும், வருடத்துக்கு ஒருமுறை சுட்டுக் காட்டவும் வேண்டும். மற்ற நாளெல்லாம் கரண்டிதான். ராஜஸ்தான் மணலில் சமைத்திருக்கிறேன், காஷ்மீர்ப் பனியில் சமைத்திருக்கிறேன். மூச்சு வாங்குகிற உயரத்தில் தண்ணீர் சட்டென்று கொதித்துவிடும், அரிசி மட்டும் வேகாது. தக்காளியைச் சுத்தியலால் உடைக்க வேண்டும். முட்டை கூழாங்கல் மாதிரி உருளும். ஒரு பஞ்சாப்காரனுக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது டப்பா அன்னாசிப்பழத்தை வைத்துக் கேசரி கிண்டினேன். எட்டு மாநிலத்து ஆட்கள் தட்டை ஏந்திக்கொண்டு இரண்டாம் முறை வரிசையில் நின்றார்கள். என் மகள் பிறந்த செய்தி வந்தபோது என் இரண்டு கையிலும் கோதுமை மாவு. இன்னொருவன் போனை என் காதில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அக்கா தன் புகுந்த வீட்டில் சொன்னது வேறு. முதல் விடுமுறையில் வந்திருந்தபோது அவளே என்னிடம் ஒத்துக்கொண்டாள்.

"சமையல்னு சொன்னா ஏதோ ஓட்டல்ல வேலை பாக்குறான்னு நெனச்சுக்குவாங்கடா. பார்டர்ல இருக்கான்னு சொல்லிட்டேன். பார்டர்லதானே இருக்க?"

"பார்டர்லதான் இருக்கேன்" என்றேன். அதற்கு மேல் நானும் திருத்தவில்லை.

முப்பத்தேழு வயதில் ஓய்வு பெற்று வந்து, தேர்வு எழுதி, திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் சேர்ந்தேன். வருகிற கடிதத்துக்கு எண் போட்டு உரிய மேசைக்கு அனுப்புவது, போகிற கடிதத்தை உறையிலிட்டு அனுப்புவது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் பாலம் தாண்டிப் போய், கதவைத் திறக்கிற ஆளுக்கு முன்னாலேயே வாசலில் நிற்பேன். முதல் வாரத்திலேயே "மிலிட்டரி சார்" என்று பெயர் விழுந்துவிட்டது. சுதந்திர தினத்தன்று கொடியை மடித்துக் கட்டிக் கயிற்றில் ஏற்றுகிற பொறுப்பும் எனக்கு வந்தது.

பக்கத்து மேசைக்காரர் பாலக்கரைக்காரர். அவரை நான் பாய் என்று கூப்பிடுவேன். சேர்ந்த புதிதில் ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார், தப்பா நெனைக்காதீங்க. எத்தனை பேரைச் சுட்டிருப்பீங்க?"

நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். அந்தச் சிரிப்புதான் நான் சொன்ன பொய். மறுநாளுக்குள் அது மாடிவரைக்கும் போய்விட்டது. எங்கள் கண்காணிப்பாளர் ஒரு பெண்மணி, அவரும் ஸ்ரீரங்கம்தான், யாரையும் எளிதில் பாராட்டாதவர். அவரே என்னைப் பார்த்தால் ஒரு தலையசைப்பு கூடுதலாகத் தருவார். ஒவ்வொரு தலையசைப்புக்கும் எனக்கு உள்ளே ஏதோ இடறும்.

வீட்டில் என் மனைவிக்கு எல்லாம் தெரியும். ஓய்வு பெற்று வந்த அன்றே, இனிமேல் கரண்டியைத் தொடமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். எப்போதாவது அவளுக்கு உடம்பு முடியாதபோது காய் நறுக்கித் தருவேன், அடுப்புப் பக்கம் போகமாட்டேன்.

"பதினேழு வருஷம் ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் சமைச்சுப் போட்டீங்க. எனக்கு ஒரு உப்புமா கிண்டித் தரக் கூடாதா?" என்பாள்.

"நான் ரிட்டயர்டு."

"நான் எப்ப ரிட்டயர்டு ஆகுறது?" என்பாள்.

வளைகாப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாய்மாமன் சீராகப் பட்டுப்புடவை, வளையல், பூ, பழம் எல்லாம் தட்டுகளில் அடுக்கித் தயாராக இருந்தது. நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும்போது போன் வந்தது. மணி ஏழு. அக்கா.

"டேய்... சமையல்காரர் வரலைடா."

"வரலைன்னா? லேட்டா வருவாரா?"

"வரவே மாட்டாருடா. அவர் பொண்ணுக்கு விடியக்காலைல வலி எடுத்துடுச்சாம். மாசம் இன்னும் இருக்குன்னு நெனச்சிருந்தாங்களாம். குடும்பத்தோட மதுரைக்குக் கிளம்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போறவரை நான் என்ன சொல்லி நிறுத்துறது?"

"சாமான்?"

"நேத்தே வந்து எறங்கிடுச்சு. காய்கூட வந்தாச்சு. காய் நறுக்குற அம்மா ரெண்டு பேரும் வந்துட்டாங்க. அடுப்புல நிக்கத்தான் ஆள் இல்ல."

நான், மனைவி, கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற என் மகள், மூன்று பேரும் ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் மனைவி தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காட்டூரில் அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன மண்டபம். வாசலில் அக்காவின் கணவர் இரண்டு போனை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முகூர்த்த நாள். எந்த ஓட்டலும் நூற்றைம்பது பேருக்குப் பதினொன்றரைக்குள் தருகிறேன் என்று சொல்லவில்லை. ஒருவர் மட்டும் நாற்பது பொட்டலம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதை வாங்கி யார் யாருக்குக் கொடுப்பது என்று அவர் குழம்பிக்கொண்டிருந்தார்.

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, அழுது சிவந்த மூக்கு. என்னைப் பார்த்தாள். உடனே பார்வையை விலக்கிக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை அவளுக்கு. மகளின் மாமனார் வீட்டார் தஞ்சாவூரிலிருந்து கிளம்பிவிட்டார்கள். கல்யாணத்தின்போது அந்த மாமனார் தன் சொந்தக்காரர்களிடம், "பொண்ணோட தாய்மாமன் பார்டர்ல சண்டை போட்டவர்" என்று என்னை அறிமுகம் செய்துவைத்தவர்.

"மெனு என்ன?" என்றேன்.

"நீ வேணாம்டா. நீ தாய்மாமன். முன்னாடி உக்கார வேண்டியவன்."

"மெனு என்னன்னு கேட்டேன்."

"சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, லெமன், தேங்காய், தயிர் சாதம். உருளைக்கிழங்கு, வடை, அப்பளம்." மூச்சுவிடாமல் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க பாத்துட்டு கேட்டா என்னடா சொல்றது?"

"மொதல்ல சாப்பிடட்டும்க்கா. அப்புறம் சொல்லிக்கலாம்."

என் மனைவி ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். "சட்டையக் கழட்டிக் குடுங்க. வேட்டியும் மாத்திக்குங்க, பட்டு வீணாப் போயிடும்." எங்கிருந்தோ ஒரு லுங்கியையும் துண்டையும் வாங்கி வந்துவிட்டாள். இந்த ஆறு வருடத்தில் அவள் முகத்தை அவ்வளவு பிரகாசமாக நான் பார்த்ததில்லை.

மணி எட்டு. மூன்று பெரிய அடுப்பு, ஐந்து அண்டா. உள்ளே காலடி வைத்ததும் எனக்கு நடந்ததை எப்படிச் சொல்வது? பயம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கை தானாக அண்டாவின் விளிம்பைத் தட்டிப் பார்த்தது. அரிசியை அள்ளி முகர்ந்து பார்த்தது. முதலில் எது, அடுத்தது எது என்று மண்டைக்குள் வரிசை வந்து நின்றுவிட்டது. புளியைக் கொதிக்கவைத்துவிட்டால் அது பாட்டுக்கு வற்றும். ஒரு பக்கம் உருளைக்கிழங்கு. இன்னொரு அடுப்பில் சாதத்தை மூன்று தவணையாக வடித்துவிடலாம். மகளைக் கூப்பிட்டு மண்டபத்தில் வெட்டியாக நிற்கிற எல்லோரையும் அழைத்து வரச் சொன்னேன். அக்காவின் மருமகன் வந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அன்றைக்கு அவன்தான் மாப்பிள்ளை, அப்பா ஆகப்போகிறவன். தேங்காய் துருவ உட்காரவைத்தேன்.

"மாமா, இதை எப்படிப் பிடிக்கணும்?"

"விரலைக் காப்பாத்திக்குங்க மாப்பிள்ளை. மத்ததெல்லாம் தானா வரும்."

"வடையை விட்டுடலாமா? நேரம் பத்தாது" என்று நான் சொன்னதற்கு என் மனைவி இடுப்பில் கை வைத்தாள். "வடை இல்லாம ஒரு விசேஷமா? உளுந்து ஊறித்தான் இருக்கு. கிரைண்டரைப் போடுறேன். அந்த ஓரத்து அடுப்பு எனக்கு." கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே சமையலறையில் ஆளுக்கொரு அடுப்பில் நின்றது அதுதான் முதல் தடவை. அவள் எண்ணெய்க்குக் காத்திருக்கிற அழகும், வடையைத் தட்டி நடுவில் விரலால் ஓட்டை போட்டு வழுக்கி விடுகிற வேகமும் எனக்குப் புதிதாக இருந்தது. எங்கள் படையில் இருந்திருந்தால் எனக்கு மேலே போயிருப்பாள்.

வேலை சூடு பிடித்ததும் என் வாயில் ஹிந்தி வர ஆரம்பித்துவிட்டது. "ஜல்தி! பானி லாவ்!" என்று கத்துகிறேன். காய் நறுக்குகிற அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். என் மகள் வந்து காதோரம், "அப்பா, தமிழ்ல கத்துங்க, அவங்களுக்குப் புரியல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஒன்பதரைக்குப் பாய் வந்தார். அலுவலகத்திலிருந்து நான் அழைத்திருந்த ஏழெட்டுப் பேரில் அவர்தான் முதலில் வந்தவர். மண்டபத்தில் என்னைத் தேடிவிட்டுச் சமையலறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். நான் கொதிக்கிற அண்டாவைத் தனியாக எப்படிச் சாய்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். அவர் எதுவும் கேட்காமல் செருப்பைக் கழற்றினார், சட்டைக் கையை மடித்தார், துணியைக் கையில் சுற்றிக்கொண்டு அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"எங்க வீட்டுக் கல்யாணத்துலெல்லாம் பிரியாணிச் சட்டி தூக்கின கை சார் இது. ம், சாய்ங்க."

கஞ்சி வடிந்து ஆவி அடங்கியதும், சுத்தமான வெள்ளை வேட்டியை விரித்து அதில் சாதத்தைப் பரப்பி, நல்லெண்ணெயைச் சுற்றி ஊற்றினேன். ஒரு பருக்கையும் உடையாமல் கரண்டியின் பின்புறத்தால் விலக்கிக்கொண்டே போனேன். பாய் என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சார், அங்க நீங்க பாத்தது இந்த வேலையா?"

"ஆமா பாய்."

"அப்ப அன்னிக்கு நான் கேட்டேனே, எத்தனை பேரைச் சுட்டீங்கன்னு?"

"சுட்டது சப்பாத்தி பாய்."

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கினதும் கோபம் வந்துவிட்டது அவருக்கு. "அது கெடக்கட்டும் சார். இத்தனை வருஷமா என் சம்சாரம் குடுத்துவிடுற சாப்பாட்டை ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டிருக்கீங்களே. உப்பு கம்மின்னாவது சொல்லியிருக்கலாம்ல? நான் வீட்ல பேசிப் பேசி ஓஞ்சு போயிட்டேன்!"

இரண்டாம் தவணைச் சாதம் குழைந்துவிட்டது. அது என் தவறு. சிரிப்பில் அடுப்பைக் கவனிக்கவில்லை. அதில் பாதியைத் தயிர் சாதத்துக்கு ஒதுக்கினேன். மீதியை வெல்லப் பாகில் போட்டு நெய்யை ஊற்றிக் கிண்டினேன். பொங்கலுக்கு என்றே குழைத்தது மாதிரி அமைந்துவிட்டது. இதையும் இப்போதுதான் முதன்முதலாக ஒத்துக்கொள்கிறேன்.

பத்தரைக்கு வெளியிலிருந்து கூப்பிட்டார்கள், தாய்மாமன் வளையல் போட வரவேண்டும் என்று. உடை மாற்ற நேரமில்லை. மூன்றாம் அண்டாவைப் பாயிடம் ஒப்படைத்துவிட்டு, லுங்கியை இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். அக்கா மகள் சிவப்புப் புடவையில், கன்னமெல்லாம் சந்தனமாக உட்கார்ந்திருந்தாள். குனிந்து அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு கண்ணாடி வளையலாக ஏற்றினேன்.

"மாமா, உங்க மேல பெருங்காய வாசனை" என்றாள் மெதுவாக.

"பிடிக்கலையா?"

"பசிக்குது மாமா."

மண்டபத்தில் முன்வரிசையில் அவளுடைய மாமனார் உட்கார்ந்திருந்தார். என் லுங்கியையும், தோளில் கிடந்த துண்டையும், கையிலிருந்த மஞ்சள் கறையையும் பார்த்தார். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். நான் திரும்பி ஓடினேன், புளியோதரை காத்துக்கொண்டிருந்தது.

புளிக்காய்ச்சலை அப்போதுதான் சாதத்தில் கலந்து முடித்திருந்தேன். பின்னால், "கை அலம்ப எங்கே தண்ணி இருக்கு?" என்று ஒரு குரல். திரும்பினால் கண்காணிப்பாளர் மேடம். நான் துடுப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அலுவலகத்தில் அவர் கேட்பதற்கு முன்னால் எழுந்து நிற்கிற பழக்கம். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

"மிலிட்டரி சார்? நீங்களா சமைக்கிறீங்க?"

பாய் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இதை நானே சொல்ல வேண்டும்.

"மேடம், நான் ஆர்மில சமையல்காரனாத்தான் இருந்தேன். பதினேழு வருஷமும். ஆபீஸ்ல எல்லாரும் வேற மாதிரி நெனச்சுட்டாங்க. நானும் சொல்லாம விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் புளியோதரையைப் பார்த்தார். "கொஞ்சம் குடுங்கோ" என்று உள்ளங்கையை நீட்டினார். ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தேன். பெருமாள் கோயில் புளியோதரையோடு வளர்ந்தவர். நான் பதினேழு வருடத்தில் எத்தனையோ அதிகாரிகள் ருசி பார்க்கக் கரண்டியோடு நின்றிருக்கிறேன். இந்த ஒரு வாய்க்குப் பயந்த மாதிரி பயந்ததில்லை.

சாப்பிட்டு முடித்து இலையை மடித்தார். அலுவலகத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது அவருக்கு.

"எங்கப்பா மடப்பள்ளில இருந்தவர். பெருமாளுக்குத் தளிகை பண்றவர். அவர் தெருவில நடந்தா, கைங்கர்யம் பண்றவர்னு ஒதுங்கி வழி விடுவா. நீங்க பனிக்குள்ள நின்னுண்டு அத்தனை பிள்ளைகளுக்குச் சோறு வடிச்சிருக்கேள். அதைச் சொல்லிக்கவா இத்தனை வருஷம் வெக்கப்பட்டேள்?"

என் மனைவி வடைச் சட்டியைப் பார்த்தபடி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நல்லாக் கேளுங்க மேடம்" என்றாள்.

"ஒரு கல்லு உப்பு கூட. மத்தபடி பேஷா இருக்கு" என்று சொல்லிவிட்டு மேடம் கையலம்பப் போனார். உப்பு அதிகமில்லை, சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவரிடம் முழுப் பாராட்டு யாரும் வாங்கியதில்லை.

பதினொன்றே முக்காலுக்கு முதல் பந்தி. கால் மணி நேரம் தாமதம். எங்கள் படையில் என்றால் திட்டு விழுந்திருக்கும். நான் சமையலறைக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் எனக்கு எப்போதும் முக்கியம். முதல் வாய்க்குப் பிறகு பேச்சு நிற்க வேண்டும். நின்றது. பிறகு ஒவ்வொரு இலையிலிருந்தும், "இங்க கொஞ்சம்", "தேங்காய் சாதம் இந்தப் பக்கம்" என்று குரல் வந்தது.

சம்பந்தி இரண்டாம் முறை பொங்கல் கேட்டு வாங்கினார். பரிமாறிக்கொண்டிருந்த அக்காவிடம், "சமையல் யாரும்மா? எங்க வீட்டு விசேஷத்துக்கும் சொல்லணும்" என்றார்.

அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். இருபத்து மூன்று வருடம் பாதியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னாள்: "என் தம்பிங்க. பார்டர்ல இருந்தான்னு சொன்னேன்ல? அங்க இருக்குற அத்தனை பேருக்கும் இவன்தான் சமைச்சுப் போட்டான். இவன் சோறு போட்டாத்தான் அவங்க காவலுக்கே போவாங்க."

கடைசி வரி கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொய்யில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் சம்பந்தி நேராகச் சமையலறைக்கு வந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பனியில தண்ணியே கட்டியாப் போயிடுமே. சாதம் எப்படிங்க வேகும்?"

சொன்னேன். பனியை வெட்டி எடுத்து வந்து உருக்குவது, குக்கரின் ரப்பர் குளிரில் இறுகிப்போவதால் அதை உள்சட்டைக்குள் வைத்துச் சூடாக்குவது, வங்காளத்துக்காரனுக்கும் ஹரியானாக்காரனுக்கும் ஒரே சாம்பார் பிடிக்கவைத்தது, எல்லாம். அக்காவின் மருமகனும் பாயும் என் மகளும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். சொல்ல இவ்வளவு இருந்தது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாள் யாராவது ராணுவக் கதை கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு நானும் மனைவியும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். மகள் பரிமாறினாள். மனைவி ஒவ்வொன்றாக ருசி பார்த்துச் சாப்பிட்டாள். தயிர் சாதத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"என் வளைகாப்புக்கு நீங்க வரல. லீவு கெடைக்கலன்னு லெட்டர் வந்துச்சு. அன்னிக்கு என்ன சாப்பிட்டேன்னே ஞாபகம் இல்ல எனக்கு."

நான் அவள் இலையில் ஒரு வடையை வைத்தேன். அவள் சுட்ட வடைதான்.

"இது ஞாபகம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது சமையல்காரரே போன் செய்தார். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவரை அக்கா பேசவிடவில்லை. "இங்க சமையல் நல்லபடியா நடந்துடுச்சுங்க. நீங்க பேத்தியப் பாருங்க" என்றாள்.

அலுவலகத்தில் இன்னமும் நான் மிலிட்டரி சார்தான். ஆகஸ்டில் கொடியேற்றம் முடிந்ததும், என்னை நான்கு வார்த்தை பேசச் சொன்னார் மேடம். இந்தத் தடவை நான் தயங்கவில்லை. பனிமலையில் தக்காளி உடைத்த கதையைச் சொன்னேன். எல்லோரும் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். முடிந்ததும் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, வீட்டில் சப்பாத்தி ஏன் அட்டை மாதிரி வருகிறது என்று கேட்டார்கள். தினமும் மதியம் பாய் தன் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் கவளத்தை எனக்குக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார். நான் சொல்வதை அவர் வீட்டில் போய்ச் சொல்லிவிடுகிறார். இப்போதெல்லாம் உப்பு சரியாக இருக்கிறது.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்னுடையது என்று ஏற்பாடாகிவிட்டது. மனைவி அன்றைக்குக் காலையில் காபியோடு உட்கார்ந்துகொண்டு, யாராவது போனில் கூப்பிட்டால், "இன்னிக்கு நான் ரிட்டயர்டு" என்று சொல்கிறாள்.

புரட்டாசியில் அக்கா மகளுக்குத் தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு நான்தான் செய்வேன் என்றேன். அக்கா விடவில்லை. பூண்டு எத்தனை பல், மிளகு எவ்வளவு என்று இரண்டு நாள் போனில் சண்டை போட்டோம். மூன்றாம் நாள் நானே பூண்டுக் குழம்பும் குழைந்த சாதமும் செய்து கேரியரில் எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கினேன். அக்கா மகள் சாப்பிடுவதற்காகக் குழந்தையை என் கையில் கொடுத்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும்தான் இருந்தது. நான் அசையாமல் நின்றேன்.

அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"பூண்டு போதுமா?" என்று கேட்டேன்.

"மெதுவா மாமா" என்றாள். "இப்பத்தான் கண்ணை மூடியிருக்கா."